கடுப்பத்தில் ஒரு சாயா

திருவனந்தபுரத்துக்கு முதன்முறை வரும் தமிழ்நாட்டுக்காரர் தம்பானூர் பேருந்து நிலையத்தருகே டீக்கடையில் ஒதுங்கினால், பக்கத்தில் நிற்பவர் “கடுப்பத்தில் ஒரு சாயா” என்பது காதில் விழும். இவருக்கு யார்மேல் என்ன கோபம் என்று தோன்றும். நம்மூரில் கடுப்பு எரிச்சல். இங்கே கடுப்பம் என்பது டீயின் திடம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் மட்டும் குழம்ப மாட்டார். 1956 நவம்பர் 1 வரை அவருடைய ஊரும் இந்த ஊரின் ஆட்சியில்தான் இருந்தது. சாயா அவர் வீட்டுச் சொல்.

எந்த நேரத்துக்கு எந்த டீ என்று உலகமெங்கும் பட்டியல் போடுகிறார்கள். காலைக்கு அசாம், மதியத்துக்குக் கிரீன் டீ, மாலைக்கு டார்ஜிலிங், படுக்கப் போகுமுன் சாமந்திப்பூ. திருவனந்தபுரத்தின் சாதாரண டீக்கடையில் இது செல்லாது. விடியலிலிருந்து நள்ளிரவுவரை ஒரே டப்பா, ஒரே தூள். மாறுவதெல்லாம் பால், திடம், இனிப்பு, கூட வரும் பலகாரம்.

அந்தத் தூளும் மணல்போல் பொடிந்த டஸ்ட். தேயிலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறை 1930-களில் அசாமில் வந்தது. தென்னிந்தியக் கடைகளுக்கு அதன் பொடி வெகுவாகப் பொருந்திவிட்டது; கொச்சி தேயிலை ஏலத்திலும் டஸ்ட்டுக்குத்தான் பேர். துகள் சிறியதாக இருப்பதால், துணி வடிகட்டியில் கொதிநீர் பட்டதுமே நிறமும் காஃபினும் இறங்கிவிடும். பழைய கடைகளில் சமோவருக்குள் ஒரு நாணயம் கிடக்கும். நீர் கொதிக்கும்போது அது கலகலக்கும். சத்தம் அடங்கினால் நீர் குறைந்துவிட்டது என்று கடைக்காரர் கவனிப்பார்.

தேயிலை இந்த மாவட்டத்துக்கே அந்நியமல்ல. அகத்தியர்கூடத்துக்கு மலையேறுகிறவர்கள் நடையைத் தொடங்கும் போணக்காடு, பிரிட்டிஷ் காலத் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்க வந்தவர்களில் தமிழர் ஏராளம்.

சிக்கல் காலையில்தான் தொடங்குகிறது. இங்கே சாயா பலகாரத்துக்கு முன்னோ பின்னோ வருவதில்லை, கூடவே வருகிறது. புட்டு, கடலைக்கறி, பக்கத்தில் ஆவி பறக்கும் கிளாஸ். ஒரு வாய் புட்டு, ஒரு மடக்கு சாயா. கொண்டைக்கடலையில் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் தாவர இரும்பை உடல் ஏற்பதே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் தேயிலையின் டானின் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்கிறது. ரத்தசோகை உள்ளவர்களுக்காவது இது முக்கியம். புட்டிடமிருந்து சாயாவைப் பிரிக்கச் சொல்லும் துணிச்சல் எந்த டாக்டருக்கு வருமோ!

அந்தக் கணக்கில் பார்த்தால் பதினொரு மணி சாயாதான் உத்தமம். காலைப் பலகாரம் செரித்திருக்கும், மதியச் சோறு தொலைவில் இருக்கும். தலைமைச் செயலகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் அந்நேரம் கூடும் கூட்டம் டானினை நினைத்து வரவில்லை என்பது வேறு விஷயம்.

நாலு மணிச் சாயாவோ தனிச் சடங்கு. கண்ணாடி அலமாரியில் பழம்பொரி, பருப்பு வடை, சுகியன். இந்தச் சாயாவின் காஃபினில் பாதி, இரவு ஒன்பதுக்கும் ரத்தத்தில் இருக்கும். அது பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். பத்து மணிக்குப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பழம்பொரியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அதே வழிகாட்டியின்படி 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின். நாளுக்கு 300 மில்லிகிராம் எல்லை. கடுப்பத்தில் ஐந்து கிளாஸ் குடித்தால் எல்லையைத் தொட்டுவிடலாம்.

இரவானால் பாலைத் தள்ளிவிட்டுக் கட்டன் சாயாவுக்கு மாறுகிறவர்கள் அதை லேசானதென்று நம்புகிறார்கள். பால் இல்லாததால் வயிற்றுக்கு லேசாக இருக்கலாம், தூக்கத்துக்கு அல்ல. காஃபின் தூளில் இருக்கிறது, பாலில் இல்லை. பிரியாணிக்குப் பிறகு எலுமிச்சை பிழிந்து வரும் மலபார் சுலைமானிக்கும் இதே கதைதான். கிரீன் டீயும் அதே செடியின் இலை. சுக்குக் காபியிலும் பல கடைகளில் காபித்தூள் விழுகிறது. கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

உண்மையில் இரவுக்கென்றே இந்த ஊரில் ஒன்று உண்டு. ‘பாலும்வெள்ளம்’ என்று கேட்டால், பாலும் சுடுநீரும் சர்க்கரையும் கலந்து, டீயைப் போலவே ஆற்றிக் கொடுப்பார்கள். தேயிலை ஒரு துகள்கூடக் கிடையாது. குழந்தைகளுக்கானதென்று பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். அவர்களுக்குப் பதிமுகம் என்னும் மரச்சீவல் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர் இருக்கிறது. பல ஓட்டல்களில் கேட்காமலேயே மேசைக்கு வந்துவிடும்.

காஃபின் இரவில் தன் வேலையைச் சரியாகச் செய்யும் இடமும் உண்டு. திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து காய்கறி லாரிகள் வருகின்றன. இரவெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கும் டிரைவர் வழியில் தட்டுக்கடையைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டுகிறார். அவருக்குப் பாலும்வெள்ளம் வேண்டாம்.

“சேட்டா, ஒரு சாயா. நல்லா கடுப்பமா.”