மணப் பொருத்தமும் மரபணுப் பொருத்தமும்

திருமணத்திற்குப் பொருத்தம் பார்ப்பது தமிழர்தம் தொன்மையான வழக்கமாகும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் அமைய வேண்டிய ஒப்புமைகள் பத்தினை வகுத்து, பிறப்பினை அவற்றுள் முதலாவதாக வைத்தார். இன்றும் குலம், குணம், கல்வி, செல்வம் எனப் பலவும் ஆராய்ந்த பின்னரே நம் பெரியோர் மணம் பேசுகின்றனர். ஆயின், பிறக்கவிருக்கும் மகவின் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் பொருத்தம் ஒன்று இவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. அதுவே மரபணுப் பொருத்தம். அதனைக் கொங்கு நாட்டுச் சூழலில் வைத்து இக்கட்டுரையில் காண்போம்.

மரபணுத் தாங்கி

நம் உடலின் பெரும்பாலான மரபணுக்கள் இணையிணையாக அமைந்தவை. ஒன்றைத் தந்தையிடமிருந்தும் மற்றொன்றைத் தாயிடமிருந்தும் பெறுகிறோம். சில நோய்களைப் பொறுத்தவரை, இணையில் ஒன்று பழுதுபட்டிருப்பினும் மற்றது தன் கடமையைச் செய்துவிடும். அத்தகையவர் நோயாளியல்லர், பழுதுற்ற மரபணுவைச் சுமப்பவர் மட்டுமே. அவரை மரபணுத் தாங்கி என்பர். சோதித்துப் பார்த்தாலன்றித் தாம் தாங்கி என்பதை அவரே அறியார்.

தாங்கியர் இருவர் மணந்துகொள்ளும்போதுதான் இடர் தோன்றுகிறது. ஒவ்வொரு கருவிலும் குழந்தை நோயுடன் பிறக்க நான்கில் ஒரு பங்கும், தாங்கியாகப் பிறக்க நான்கில் இரு பங்கும், பழுதின்றிப் பிறக்க நான்கில் ஒரு பங்கும் வாய்ப்புண்டு. முதற்குழந்தை நோயுடன் பிறந்துவிட்டது, இனி வரும் மூவருக்கும் அச்சமில்லை எனச் சிலர் கருதுவது தவறு. ஒவ்வொரு கருவிற்கும் கணக்குப் புதிதாகவே தொடங்குகிறது.

இவ்வகை நோய்களுள் தலசீமியாவும் அரிவாள் அணுச் சோகையும் நம் நாட்டில் முதன்மையானவை. தலசீமியாவின் கடுமையான வகையுற்ற குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுதும் குருதி ஏற்ற வேண்டும். அதனால் உடலில் தேங்கும் இரும்புச்சத்தை வெளியேற்றவும் மருந்துண்ண வேண்டும். இந்தியரில் நூற்றுக்கு மூவர் அல்லது நால்வர் இந்நோயின் தாங்கியர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

நீலமலை தரும் பாடம்

அரிவாள் அணுச் சோகை நமக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. 1868ஆம் ஆண்டுவரை கோவை மாவட்டத்தோடு இணைந்திருந்த நீலகிரியின் பழங்குடியினரிடையே இப்பழுது இருப்பதை 1952இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தனர். இந்நோய் குறித்து இந்திய மண்ணிலிருந்து எழுந்த முதல் அறிவிப்புகளுள் இதுவும் ஒன்றாகும். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. அதனால் தாங்கவொண்ணா வலியும் உறுப்புச் சிதைவும் நேர்கின்றன.

இத்துணைக் கொடிய மரபணு ஏன் அழியாமல் நின்றது? விடை வியப்பூட்டுவதாகும். அரிவாள் அணு மரபின் தாங்கியரைக் கடும் மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை. காய்ச்சல் மிகுந்த காடுகளில் தாங்கியர் பிழைத்தனர். மரபணுவும் அவர்களோடு பிழைத்தது. எனவே இதனைக் குலத்தின் குறை என்பது அறியாமையாகும். ஒரு காலத்தில் முன்னோரைக் காத்த கவசமே பின்னோர்க்குச் சுமையாயிற்று எனலே பொருந்தும்.

கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும், கூடலூரில் அஸ்வினி அமைப்பின் மருத்துவமனையும் இம்மக்களிடையே சோதனையும் சிகிச்சையும் நடத்தி வந்துள்ளன. 2023 ஜூலை முதல் நாள் நடுவண் அரசு தொடங்கிய தேசிய இயக்கம், 40 வயதிற்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதித்து, 2047க்குள் இந்நோயை ஒழிப்பதை இலக்காகக் கொண்டுள்ளது. சோதிக்கப்பட்டோர்க்கு அவர்தம் மரபணு நிலையைக் காட்டும் அட்டையும் வழங்கப்படுகிறது.

கூட்டமும் குருதியும்

கொங்கு வேளாளரிடையே ஒரே கூட்டத்தைச் சேர்ந்தோர் தம்முள் மணப்பதில்லை. அவர்கள் பங்காளிகள், உடன்பிறந்தார்க்கு ஒப்பானவர்கள். குருதி நெருக்கத்தை விலக்கிய சிறந்த ஏற்பாடு இது. எனினும் கூட்டம் தந்தைவழியே எண்ணப்படுகிறது. தாய்மாமன் மகள் வேறு கூட்டத்தவளாதலால் முறைப்பெண் ஆகிறாள். மரபணுவோ தந்தைவழி, தாய்வழி என்று பார்ப்பதில்லை. முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் தம் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகப் பெற்றுள்ளனர். அக்காள் மகளை மணப்போர்க்கு அது நான்கில் ஒரு பங்காகும்.

அக்காள் மகளை மணத்தலை இஸ்லாம் முற்றிலும் விலக்கியுள்ளது. சிற்றப்பன், பெரியப்பன், மாமன், அத்தை ஆகியோரின் மக்களை மணப்பதற்கு அது இசைவளிக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழகத்தில் நூற்றுக்கு 28 மணங்கள் உறவுக்குள் நிகழ்ந்தவை எனக் காட்டிற்று. ஆகவே இது ஒரு சமயத்தாரின் சிக்கலன்று. நம் அனைவருக்கும் உரியது. உறவு மணம் நோயைப் படைப்பதில்லை; மறைந்திருக்கும் பழுதுகள் இரண்டும் ஒன்றுசேரும் வாய்ப்பை மிகுவிக்கிறது. அயலில் மணந்தோர்க்கும் அவ்வாய்ப்பு அறவே இல்லையென்று கூற முடியாது.

எளிய சோதனை

தலசீமியாவைப் பொறுத்தவரை, குருதி அணுக்களின் அளவைக் காட்டும் சாதாரணச் சோதனையிலேயே ஐயம் புலப்படும். பின்னர் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் சோதனை அதனை உறுதிசெய்யும். முதலில் ஒருவரைச் சோதித்து, அவர் தாங்கியாயின் மற்றவரைச் சோதித்தல் போதுமானது. மணத்திற்கு முன் செய்வது தலை. கருவுறுமுன் செய்வது இடை. கருவுற்ற தொடக்கத்திலேனும் செய்வது கடை எனக் கொள்ளலாம். இருவரும் தாங்கியராயின், கருவுற்ற 10 வாரங்களுக்குப் பின்னர் சிசுவையும் சோதித்தறியும் வசதியுண்டு.

முடிவெடுக்கும் பொறுப்பு

சவூதி அரேபியாவில் 2004 முதல் மணம் புரிவோர் தலசீமியா, அரிவாள் அணுச் சோகை ஆகியவற்றுக்கான சோதனையைச் செய்துகொள்ளுதல் கட்டாயமாக்கப்பட்டது. முடிவு எதுவாயினும் மணப்பதும் தவிர்ப்பதும் அவர்கள் விருப்பமே. கருச்சிதைவு குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. 1990இல் மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம், கடுமையான குறையை மருத்துவக் குழு உறுதிசெய்தால், பெற்றோர் வேண்டுகோளின்பேரில் 120 நாட்களுக்குள் அதனை அனுமதிக்கலாம் எனத் தீர்மானித்தது. இவ்விக்கட்டான நிலை நேராமல் காப்பது மணத்திற்கு முன் செய்யும் சோதனையே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. தாங்கி என அறியப்பட்ட பெண்ணை ஊரார் ஒதுக்குவாராயின், அறிவே கொடுமையாகிவிடும். தாங்கி ஒருவர் தாங்கியல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்கு அந்நோய் வருவதில்லை. நோயுற்ற குழந்தை பிறந்த வீட்டில் தாயை மட்டும் பழிப்பது நம்மிடையே நிலவும் அநீதி. இந்நோய்களில் தாயும் தந்தையும் சமபங்கினரே என்பதை அறிவியல் ஐயமற நிறுவியுள்ளது. ஆகவே சோதனையின் முடிவு உரியவர்க்கு மட்டும் சொல்லப்படுதல் வேண்டும்; அதனை விளக்க ஆலோசகரும் வேண்டும்.

ஜமாஅத்துகளும் கூட்டத்துப் பெரியோரும் திருமணப் பேச்சின்போதே இச்சோதனையை எடுத்துரைப்பாராயின், நாளை பல குழந்தைகள் மருத்துவமனைக் கட்டிலில் அன்றிப் பள்ளித் திடலில் தம் மாலைப் பொழுதைக் கழிக்கும். மணவோலை எழுதுமுன் ஒரு துளிக் குருதியைச் சோதித்தறிவோம். வருங்காலத் தலைமுறையைக் காப்போம்.