கையில் இருப்பது எந்த விசா?

"அக்கா, விசா வந்திட்டுது. வியாழக்கிழமை பயணம்" என்று அந்தத் தங்கை கடதாசியை நீட்டினாள். போரில் கணவரை இழந்தவள். இரண்டு பிள்ளைகள், தலைக்கு மேலே நுண்கடன். வாங்கிப் பார்த்தேன். அது சுற்றுலா விசா.

"அங்கை போனாப் பிறகு வேலை விசாவா மாத்தித் தருவினமாம்" என்றாள். ஊருக்குள் வந்த உபமுகவர் சொன்ன கதை அது.

சகோதரிகளே, இதே கதையை நம்பிச் சுற்றுலா விசாவில் ஐக்கிய அரபு அமீரகம் போன எமது நாட்டுப் பெண்கள் ஓமானுக்குக் கடத்தப்பட்ட செய்தி 2022 இல் வெளிவந்தது. வேலை அனுமதி இல்லாத பெண் சம்பளம் கேட்கவும் பயப்படுவாள், முறையிடவும் பயப்படுவாள். அந்தப் பயமே தரகரின் முதலீடு.

வளைகுடா நாடுகளில் வேலை விசாவுக்கு அங்குள்ள தொழில்தருநரே விண்ணப்பிக்க வேண்டும். இங்கே, 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பயணத்துக்கு முன்பே பதிய வேண்டும். பதிந்தவருக்குக் காப்புறுதி உண்டு. முகவரிடம் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று 1989 என்ற இலக்கத்தில் கேளுங்கள். பிரதேச செயலகத்திலும் விசாரிக்கலாம். ஒப்பந்தத்தை வாசித்து விளங்காமல் கையொப்பமிட வேண்டாம். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அந்தத் தங்கை வியாழக்கிழமை போகவில்லை. இருவருமாகப் போய் முகவரிடமிருந்த கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கினோம். கடன் இன்னும் தீரவில்லை. ஆனால், இனி அவள் போவதானால் வேலை விசாவோடுதான் போவாள்.