ஒலிபெருக்கி என்னும் உரைகல்



நல்ல ஒலிபெருக்கி எது என்று வினவினால், எந்தப் பாட்டையும் இனிமையாக்கித் தருவதே நல்லது என்று பலர் விடை பகர்வர். இது பொருத்தமான விடையன்று. இசையை இனிமையாக்குதல் பாடுவோர் கடமை. பதிந்ததைப் பதிந்தவாறே ஒப்புவித்தல் ஒலிபெருக்கியின் கடமை. உரைகல் தன் நிறத்தைப் பொன்னுக்கு ஏற்றுவதில்லை. மாற்றுக் குறைந்த பொன்னையும் உயர்ந்த பொன்னையும் பிரித்துக் காட்டுகிறது. ஒலிபெருக்கியும் அத்தகையதாதல் வேண்டும்.

நம் பகுதியின் இரு மேதைகளைக் கொண்டு இதனை விளக்குவேன். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்தார். அவர் குரல், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளிலேயே நமக்கு எஞ்சியுள்ளது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமோ, 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலித்தது. இவ்விரண்டிற்கும் இடையே ஒலிப்பதிவுக் கலை நெடுந்தூரம் வளர்ந்திருந்தது.

மனிதச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளை உணரவல்லது. 1925-க்கு முன் ஒலிவாங்கி இன்றி, ஒரு புனலின் எதிரே பாடியே தட்டுகளில் பதிந்தனர். ஏறத்தாழ 2,500 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகள் அம்முறையில் பெரும்பாலும் பதியவில்லை. தாழ்ந்த நாதங்களும் மங்கின. 1925-இல் மின்முறைப் பதிவு வந்தபின் மேல் எல்லை 5,000 அளவுக்கு உயர்ந்தது. அதே ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருவர், காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருள் காகிதக் கூம்பை அதிரச் செய்யும் ஒலிபெருக்கியை விளக்கினர். இன்றுள்ளவற்றில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவையே.

கோயில் கொடைகளில் மரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை எண்ணிப் பாருங்கள். அது நடுத்தர ஒலிகளை உரக்கத் தள்ளுமே அன்றி, தாழ்ந்த நாதத்தையும் மிக உயர்ந்த நாதத்தையும் தாராது. ஆதலால் பழைய தட்டும் புதிய பதிவும் ஒரே தகரக் குரலில் ஒலிக்கின்றன. எல்லா விடைத்தாளுக்கும் ஐம்பது மதிப்பெண் இடும் தேர்வாளரை அது ஒக்கும்.

தச்சநல்லூரில் மாணவர் சிலருக்கு இதனைச் செய்து காட்டினேன். கிட்டப்பாவின் பாட்டையும் அருணாசலத்தின் நாகசுரத்தையும் முதலில் கைபேசியில் கேட்டார்கள். பதிவுகளுக்குள் வேற்றுமை மிகுதியாகப் புலப்படவில்லை. பின்னர் நல்ல ஒலிபெருக்கியில் கேட்டபோது, தட்டில் ஊசி உராயும் இரைச்சல் வேறாகவும் குரல் வேறாகவும் பிரிந்து நின்றன. “கிட்டப்பாவின் குரல் மெல்லியது என்று எண்ணியிருந்தேன் ஐயா, மெலிந்தது பதிவுதான்” என்றான் ஒரு மாணவன். அவன் கண்டதே பாடத்தின் சாரம்.

ஒலிபெருக்கி வாங்குவோர் பல காலத்துப் பதிவுகள் ஐந்தாறு எடுத்துச் செல்க. எல்லாவற்றையும் ஒரே உரப்பில், ஒரே இடத்தில் இருந்து கேட்க. உரத்தது சிறந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. கருவி தன் குறையை எல்லாப் பதிவுகள்மீதும் ஒன்றுபோலப் பூசும். ஆகவே எந்தக் கருவியில் பதிவுகள் தம்முள் மிகுதியாக வேறுபட்டு ஒலிக்கின்றனவோ, அதுவே பெரும்பாலும் உண்மைக்கு நெருங்கியது. மோசமான பதிவு அதில் மோசமாகவே ஒலிக்கும். அதற்காகக் கருவியை நோவது தகாது.

மறைந்த வித்துவான்கள் தமக்காக வாதாட வரமாட்டார்கள். பதிவின் குறையையும் கருவியின் குறையையும் அவர்கள் தலையில் ஏற்றாதிருப்பது, கேட்கும் நம் பொறுப்பு.