கார் ஷெட்டுக்குள்ள ஒரு ஸ்டூடியோ!

ஹாஸ்டல் ரூம். ராத்திரி பதினோரு மணி. ஃபேனை ஆஃப் பண்ணியாச்சு, ஜன்னலைச் சாத்தியாச்சு. செல்போனை வாட்டர் பாட்டில் மேல சாய்ச்சு வெச்சு, பிடிச்ச பாட்டை உங்க ஸ்டைல்ல பாடி ரெக்கார்ட் பண்றீங்க. கடைசி வரி வரும்போது பக்கத்து ரூம்ல ஒருத்தன் 'நச்'சுனு தும்முறான். சே! மறுபடி முதல்லேர்ந்து...

இந்த அனுபவம் உண்டா? அப்படின்னா லெஸ் பால் உங்களுக்குத் தாத்தா முறை!

கிடார் பிரியர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். கிப்ஸன் கம்பெனி 1952-லிருந்து இவர் பெயரிலேயே கிடார் விற்கிறது. 1915-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். ஹாலிவுட்டில் தன் வீட்டு கார் ஷெட்டையே ஸ்டூடியோவாக மாற்றினார். ஒரு இசைத்தட்டில் கிடாரைப் பதிவு செய்வார். அதை ஓடவிட்டு, கூடவே இன்னொரு கிடார் வாசித்து, இரண்டையும் சேர்த்து அடுத்த தட்டில் ஏற்றுவார். அப்படியே அடுக்கிக்கிட்டே போவார். 1948-ல் வெளியான 'லவ்வர்' இப்படித்தான் பிறந்தது. பாட்டு ரிச்சர்ட் ராஜர்ஸ் இசையமைத்த பழைய சினிமாப் பாட்டு. கேட்கிறது எட்டு கிடார். வாசிச்சது ஒரே ஆள்!

கை போனாலும்...

அதே 1948 ஜனவரி. ஓக்லஹோமாவில் பனி உறைந்த சாலையில் கார் சறுக்கிக் கவிழ்ந்தது. லெஸ் பாலுக்கு வலது முழங்கை நொறுங்கிப்போச்சு. இனி அந்தக் கை மடங்காது, நீளாது என்ற நிலை. அவர் டாக்டர்களிடம் என்ன கேட்டார் தெரியுமா? 'கிடார் வாசிக்கிற மாதிரி மடக்கின நிலையிலேயே கையைப் பொருத்திடுங்க!' அப்படியே செய்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஓய்வு. அதுக்கப்புறமும் கிடார்தான்.

1949-ல் பாடகர் பிங் கிராஸ்பி அவருக்கு ஒரு ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டரைப் பரிசளித்தார். மனுஷன் சும்மா இருப்பாரா? அதில் கூடுதலாக ஒரு 'ஹெட்' பொருத்தினார். இப்போ அதே டேப்பில் பழைய சத்தத்தோடு புதுசையும் சேர்க்கலாம். ஆனா ஒரு சிக்கல். புதுசு ஏற ஏற பழைய பதிவு அழிஞ்சிடும். பத்தாவது முறையில் ஒரு சுரம் பிசகினாலும் ஒன்பது முறை உழைச்சதும் காலி! 'அண்டூ' பட்டன் ஏது? அதோட, ஒவ்வொரு முறையும் பழைய சத்தம் கொஞ்சம் மங்கும். அதனால முக்கியமில்லாத பகுதிகளை முதல்ல முடிச்சிட்டு, முக்கியமானதைக் கடைசியில் வைப்பார். டென்ஷன் எப்படி இருந்திருக்கும்!

பழைய பாட்டு, புதுக் குரல்

1951-ல் வந்தது 'ஹவ் ஹை த மூன்'. 1940-ல் ஒரு மேடை நிகழ்ச்சிக்காக எழுதப்பட்ட, ஏற்கெனவே பலரும் பாடிய பாட்டு. இதுல புதுசா என்ன இருக்கு? மனைவி மேரி ஃபோர்டை மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் நின்று பாட வைத்தார். அவர் குரலையே அடுக்கி, ஒரு கோரஸ் குழுவையே உருவாக்கினார். நியூயார்க்கில் அவங்க வீட்டிலேயே பதிவான அந்தப் பாட்டு, அமெரிக்காவில் ஒன்பது வாரம் நம்பர் ஒன்! 2009-ல் 94 வயதில் மறையும் வருஷம் வரை லெஸ் பால் மேடையேறி வாசித்தார்.

இன்னிக்கு உங்க போன்ல ஓசியில் கிடைக்கிற ஆப்பே இந்த அடுக்கு வேலையை அழகா செய்யும். ஆனா ஒரு வரி பாடுறதுக்கு முன்னாடி பத்து முறை யோசிச்ச அந்தக் கவனத்தை எந்த ஆப்பும் தராது. அதை நாமதான் கொண்டு வரணும்.

எந்தப் பாட்டைப் பாடுறதுன்னு குழப்பமா? சினிமாப் பாட்டுக்கு உரிமைக்காரர்கள் உண்டு. பாரதியார் கவிதைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1949-ல் உரிமையை வாங்கிய சென்னை அரசு, பின்னால் அதை மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. குறுந்தொகை இன்னும் சுலபம், கேட்க ஆளே கிடையாது! ஒரே கண்டிஷன். யாரோ போட்ட மெட்டை எடுக்காதீங்க. உங்க மெட்டு, உங்க குரல்.

என்ன பாஸ், ஃபேனை ஆஃப் பண்ணிட்டீங்களா?