ஒரு போர், பல தொடக்கங்கள்

ஏழாண்டுப் போர் 1756இல் தொடங்கி 1763இல் முடிந்தது என்பது பாடநூல் கணக்கு. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் சாக்சனிக்குள் படையோடு நுழைந்ததை வைத்துப் போட்ட கணக்கு அது. வட அமெரிக்காவின் ஒஹையோ பள்ளத்தாக்கில் 1754 மே மாதமே துப்பாக்கிகள் வெடித்துவிட்டன. அங்கே பிரெஞ்சுக்காரர்களைத் தாக்கிய சிறுபடையின் தலைவர் 22 வயது ஜார்ஜ் வாஷிங்டன். ஆற்காட்டு நவாப் பதவிப் போட்டியிலோ, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1749 முதலே ஆளுக்கொரு பக்கம் நின்று மோதிக்கொண்டிருந்தார்கள். போரை உலகளாவிய நோக்கில் ஆராய்பவர்கள் இந்தத் தேதிகளை அருகருகே வைத்துப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1759இன் கியூபெக் சண்டை கனடா வரலாற்றிலும், 1760இன் வந்தவாசிச் சண்டை இந்திய வரலாற்றிலும் தனித்தனி அத்தியாயங்களாகவே நெடுங்காலம் இருந்தன. இரண்டையும் இணைத்தவை கப்பலும் கடனும் சரக்கும். வெடியுப்பை எடுத்துக்கொள்ளலாம். வெடிமருந்தில் பெரும்பங்கு அதுதான். பீகாரில் ஏராளமாகக் கிடைத்தது. 1757இல் பிளாசியில் வென்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, அடுத்த ஆண்டே அதன் வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பிரான்சுக்குத் தட்டுப்பாடு. வங்காளத்தில் நடந்த ஒரு சண்டை ஐரோப்பியப் பீரங்கிகளையும் பாதித்தது என்பது படைத்தளபதிகளின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்தால் தெரியாது. வணிகக் கணக்குகளில்தான் தெரியும்.

சான்றுகளும் அப்படியே சிதறிக் கிடக்கின்றன. 1762இல் ஸ்பெயின் வசமிருந்த மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்ட ஆங்கிலப் படை கப்பலேறியது சென்னையில். அதில் சிப்பாய்களும் இருந்தார்கள். இதை எழுத லண்டன், சென்னை, ஸ்பெயினின் செவில் ஆகிய மூன்று ஊர் ஆவணங்களும் வேண்டும். அப்போதும் சிப்பாய்களின் குரல் அவற்றில் அரிதாகவே கேட்கும். அதனால்தான் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமாக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு அருமையானது. அதிகாரிகளின் கடிதங்கள் விட்டுவிட்ட சந்தை நிலவரம், கப்பல் செய்தி, ஊர்ப்பேச்சு எல்லாம் அதில் உண்டு.

மணிலா 1762 அக்டோபரில் வீழ்ந்தது. 1763 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களுக்கு அது தெரியாது. செய்தி ஐரோப்பாவை எட்டவே ஏப்ரல் ஆகிவிட்டது. உடன்படிக்கையில் பெயர் குறிக்கப்படாத வெற்றிகளை ஈடில்லாமல் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருந்ததால், 1764இல் மணிலா ஸ்பெயினிடமே போனது. அதே உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு முகம்மது அலியைக் கர்நாடக நவாபாகவும், சலாபத் ஜங்கைத் தக்காண சுபேதாராகவும் ஏற்றது. சலாபத் ஜங்கோ 1762இலேயே தம்பி நிஜாம் அலியால் பதவியிறக்கப்பட்டுச் சிறையில் கிடந்தார்!

சமாதானப் பேச்சில் யார் உட்கார்ந்தார்கள் என்பதோடு யாரை அழைக்கவில்லை என்றும் ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளைக் கேட்காமலே அவர்கள் நிலம் கைமாறியது. 1763 மே மாதம் பூர்வகுடித் தலைவர் பான்டியாக் தலைமையில் புதிய போர் வெடித்தது. மதுரையில், ஒருகாலத்தில் ஆங்கிலேயருக்காகப் போரிட்ட யூசுப் கான் அவர்களையே எதிர்த்து நின்று, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். இதை ஐரோப்பியப் போரின் வால் என்று மட்டும் எழுதினால் தவறாகிவிடும். கப்பப் பாக்கி, நவாபின் அதிகாரம், தெற்கத்திப் பாளையங்களின் அரசியல் எனச் சொந்தக் காரணங்கள் அதற்கு இருந்தன. எல்லாவற்றையும் ஒரே உலகப் போருக்குள் அடக்கும் ஆசை இந்த ஆய்வுமுறையின் பலவீனம்.

போரின் செலவு இன்னொரு தடம். ஏறத்தாழ 7.5 கோடி பவுண்டாக இருந்த பிரிட்டனின் கடன், போர் முடிகையில் 13 கோடியைத் தாண்டியிருந்தது. அதை ஈடுகட்ட அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது விதித்த 1765ஆம் ஆண்டு முத்திரை வரி, பின்னர் விடுதலைப் போராக மூண்ட பூசலைக் கிளப்பியது. 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர்களுடன் கைகோத்தது. சில மாதங்களில் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. அக்டோபரில் நகரம் அவர்கள் வசமானது.