பாலக்காட்டுக் கணவாய் கண்ட கல்

பாலக்காட்டில் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவன் நான். மோதிரக்கல் தேடி வருகிறவர்களிடம், நம் கணவாய் வழியே முசிறித் துறைமுகத்துக்கும் ரோமாபுரிக்கும் போன கல்லைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைத்த வெளிர்நீலப் பெரில் அது. அக்வாமரைன் என்று விற்கிறோமே, அதுதான். இரும்பு கலந்தால் இந்த நீலம். குரோமியம் கலந்தால் அதே பெரில் மரகதமாகிவிடும்.

இத்தகைய கற்களில் மணி செய்த பழைய ஊரான கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பெரில், பளிங்கு, சூதுபவளம் எனப் பல கற்கள் வெளிவந்தன. அரைகுறையாக நின்ற மணிகளும் இருந்தன. என் தொழிலுக்கு அவையே பெரும் பாடம். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதை முடிந்த மணி காட்டாது.

பெரில் அறுகோணத் தூணாகவே வளரும். அதை அறுகோணமாகவே தீட்டுவார்கள், முகங்களில் பட்டுத் திரும்பும் ஒளியில் மங்கல் நிறம் துலங்கும் என்று 1-ஆம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். இன்றைய பட்டைகளுக்கும் இதுவே அடிப்படை. சந்திரகாந்தக் கல் வேறு. அதன் ஒளி உள்ளே மிதப்பது. குமிழாக உருட்டினால்தான் தெரியும். பட்டை கேட்டால் மறுத்துவிடுவேன். மோஸ் கடினத்தன்மை அளவிலும் அது 6 தான், அக்வாமரைன் 7.5 முதல் 8. அன்றாட மோதிரத்துக்கு அக்வாமரைன் வாங்குங்கள், சந்திரகாந்தத்தைப் பதக்கத்தில் பதியுங்கள்.