கூட்டாமல், குறைக்காமல்: ஒலிப்பதிவுக் கூடத்துக்கான ஹெட்போன்

நடுநிலை ஹெட்போன் என்பது பதிவில் உள்ள ஒலியைக் கூட்டாமலும் குறைக்காமலும் காதில் சேர்க்கும் கருவி. இசை கேட்டு மகிழ்வோருக்காகத் தயாராகும் ஹெட்போன்கள் பலவற்றில் பாஸ் ஒலியைத் தூக்கி, ட்ரெபிளில் கொஞ்சம் பளபளப்பைச் சேர்த்திருப்பார்கள். எந்தப் பாட்டும் அதில் இனிக்கும். ஒலிப்பதிவுப் பொறியாளருக்கு அந்த இனிப்புதான் ஆபத்து. பாஸைத் தூக்கிக் காட்டும் ஹெட்போனில் மிக்ஸிங் செய்பவர், பாஸ் அதிகமாக இருக்கிறதென்று நம்பிக் குறைத்துவிடுவார். அதே பாட்டு காரில் ஒலிக்கும்போது மிருதங்கத்தின் தொப்பியும் பாஸ் கிட்டாரும் வலுவிழந்து கிடக்கும். ட்ரெபிள் மங்கிய ஹெட்போனில் வேலை செய்தால் நேர்மாறாக நடக்கும்: பாடகரின் ‘ஸ’, ‘ச’ ஒலிகள் கேட்பவர் செவியைக் கீறும். இப்படி, கருவியில் உள்ள கோணல் பாட்டில் எதிர்க்கோணலாகப் பதிந்துவிடுகிறது. அதைத் தடுப்பதற்காகத்தான் ஸ்டூடியோக்கள் நடுநிலை ஹெட்போனுக்குப் பெரிய தொகை செலவிடுகின்றன.

ஒரு ஸ்பீக்கர் நடுநிலையானதா என்று அளப்பது ஓரளவு எளிது. எதிரொலி இல்லாத அறையில் அதன் முன்னே மைக்கை வைத்து, எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவில் வருகின்றனவா என்று பார்த்தால் போதும். ஹெட்போனை அப்படி அளக்க முடியாது. வெளியிலிருந்து வரும் ஒலியைத் தலையும் தோளும் செவிமடலும் செவிக்குழாயும் மாற்றியே செவிப்பறைக்கு அனுப்புகின்றன. குறிப்பாக 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் 10 டெசிபலுக்கும் மேலாகப் பெருகிவிடும். பிறந்தது முதல் மூளை பழகியிருப்பது இந்தப் பெருக்கத்தோடுதான். ஹெட்போன் காதின்மேலேயே உட்கார்ந்துவிடுவதால் தலையும் தோளும் செய்யும் வேலை நடப்பதில்லை, செவிமடலின் வேலையும் மாறிவிடுகிறது. அந்த இழப்பை ஹெட்போனே ஈடுகட்டியாக வேண்டும். செவிப்பறையில் எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவில், நேர்க்கோடாக அளக்கப்படும் ஹெட்போன், கேட்க மந்தமாகவும் தொலைவில் ஒலிப்பதுபோலவும்தான் இருக்கும்.

அப்படியானால் ஒவ்வொரு அதிர்வெண்ணின் அளவையும் காட்டும் வளைகோடு செவிப்பறையில் எப்படி இருந்தால் நடுநிலை? இந்தக் கேள்விக்கு ஒலியியலாளர்கள் ஒரே விடையைத் தந்ததில்லை. 1980களில் மியூனிக் நகரின் ஒலிபரப்புத் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பணியாற்றிய குந்தர் தைலே, எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக ஒலி வந்து சேரும் வெளியில் செவிக்குக் கிடைப்பதையே ஸ்டூடியோ ஹெட்போன்கள் பின்பற்ற வேண்டும் என்று வாதிட்டார். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990இல் வெளியிட்ட பரிந்துரையும் அதே வழியில் சென்றது. ஐரோப்பிய ஸ்டூடியோ ஹெட்போன்கள் பலவற்றில் அந்தச் சிந்தனையின் தடம் உண்டு. பாஸ் சற்று மெலிந்து ட்ரெபிள் வெளிச்சமாக ஒலிக்கும் வகை அது. பிறகு 2010களின் தொடக்கத்தில் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் வேறு பக்கமிருந்து தொடங்கினார்கள். மக்களை உட்காரவைத்து, எந்த ஹெட்போன் என்று தெரியாத நிலையில் கேட்கச் செய்து, எதை விரும்புகிறார்கள் என்று சோதித்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் தரும் ஒலிக்கு நெருக்கமான வளைகோட்டையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தனர். பழைய பரிந்துரையைவிட அதில் பாஸ் அதிகம்.

வாங்குபவர் இந்த இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. வளைகோடு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்பதே முக்கியம். பாஸ் மொத்தமாகச் சற்றுக் கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ காது சில நாட்களில் பழகிக்கொள்ளும், பொறியாளரும் மனத்தில் கணக்கு வைத்துக்கொள்வார். ஆனால் 6,000 ஹெர்ட்ஸ் அருகே கூர்மையாக ஓர் உச்சம் எழுந்தால், பாடகர் ஒரு சொல்லில் உறுத்துவார், மறு சொல்லில் உறுத்தமாட்டார். பிழை பாடகரிடமா, மைக்கிலா, ஹெட்போனிலா என்று தெரியாமல் வேலை நகராது. விலை உயர்ந்தவையும் இதற்கு விலக்கல்ல. சென்ஹைசர் 2009இல் வெளியிட்ட எச்டி 800 நுணுக்கத்துக்குப் பெயர்பெற்றது. ஆயினும் அந்த 6,000 ஹெர்ட்ஸ் பகுதியில் அதன் உச்சம் பலரை உறுத்தியது. 2016இல் வந்த எச்டி 800 எஸ் மாடலில் அதை அடக்க ஓர் ஒலி உறிஞ்சியையே உள்ளே பொருத்தினார்கள்.

அடுத்த முடிவு, திறந்த அமைப்பா மூடிய அமைப்பா என்பது. இது வேலையைப் பொறுத்தது. பாடகரோ வயலின் கலைஞரோ மைக்கின் முன் நிற்கும்போது மூடிய ஹெட்போன்தான் வேண்டும். இல்லையென்றால் காதில் ஓடும் தாளமும் ஸ்ருதியும் கசிந்து மைக்கில் ஏறிவிடும். மிக்ஸிங், மாஸ்டரிங் வேலைக்குத் திறந்த அமைப்பே நல்லது. பின்புறம் மூடப்படாததால் உள்ளே எதிரொலி தங்குவதில்லை, ஒலி இறுக்கமில்லாமல் விரிகிறது, காதும் சீக்கிரம் சோர்வதில்லை. 1968இல் சென்ஹைசரின் எச்டி 414 இந்த அமைப்பைப் பரவலாக்கியது. இரண்டு வேலைகளுக்கும் ஒரே ஹெட்போன் வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணுபவர்கள் பெரும்பாலும் இரண்டிலும் அரைகுறையாகத்தான் நிற்கிறார்கள்.

திறந்த வகையில் எல்லாரும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் சென்ஹைசர் எச்டி 600. 1997இல் வந்தது, இன்றும் விற்பனையில் உள்ளது. மனிதக் குரல், வயலின், புல்லாங்குழல் ஆகியவை வாழும் நடுப்பகுதியை அது காட்டும் நேர்மைக்கு இணையானவை அதன் விலையில் மிகக் குறைவு. ஆழமான பாஸ், குறிப்பாக 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மெலிந்துவிடுவது அதன் குறை. திரைப்படத்தின் வெடிச்சத்தத்தையோ மின்னணு இசையின் அடிநாதத்தையோ அதில் மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது. அதன் பாகங்கள் ஒவ்வொன்றையும் கழற்றி மாற்ற முடியும் என்பது விளம்பரங்களில் பெரிதாக இடம்பெறாத பெரும் வசதி.

மைக்ரோபோனுக்குப் பெயர்போன பெர்லின் நிறுவனம் நாய்மன், 2022இல் வெளியிட்ட என்டிஎச் 30 ஹெட்போனில் வேறொரு நோக்கம் கொண்டது. தன் ஸ்டூடியோ ஸ்பீக்கர்கள் எப்படி ஒலிக்கின்றனவோ அப்படியே ஹெட்போனும் ஒலிக்க வேண்டும் என்பது அது. ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் மாறிமாறி வேலை செய்பவருக்கு இந்த ஒற்றுமை பெரிய உதவி. பிரான்சின் ஃபோக்கல் நிறுவனமும் தன் ‘கிளியர்’ வரிசையில் தொழில்முறைப் பதிப்பு ஒன்றை வெளியிட்டுள்ளது.

மேலே சொன்னவை எல்லாம் சுருள் ஒன்று காந்தத்தின் நடுவே அசைந்து, ஒலி எழுப்பும் டயஃப்ரத்தைத் தள்ளும் வகை. இன்னொரு வகையில், மெல்லிய படலத்தின் பரப்பு முழுவதும் மின்தடம் ஓட, இருபுறக் காந்தங்களுக்கிடையே படலம் முழுக்க ஒன்றாக அசையும். இதற்குப் பிளேனார் என்று பெயர். கலிஃபோர்னியாவின் ஆடிஸி நிறுவனத்தின் எல்சிடி-எக்ஸ் இவ்வகையில் ஸ்டூடியோக்கள் நன்கறிந்த ஒன்று. 20 ஹெர்ட்ஸ் வரை பாஸ் சளைக்காமல் இறங்கும், சிதைவு மிகக் குறைவு. ஆனால் எடை 600 கிராமுக்கும் மேல். எச்டி 600 ஏறத்தாழ 260 கிராம்தான். எட்டு மணி நேரம் உட்காரும் பொறியாளரின் கழுத்துக்கு இந்த வித்தியாசம் தெரியும். கழுத்து வலிக்கும்போது செய்யும் முடிவுகளை மறுநாள் திருத்த நேரிடும் என்பதால் எடையை ஒலித்தரத்தின் பகுதியாகவே கணக்கில் எடுக்க வேண்டும். 1960 முதல் மின்நிலை (எலெக்ட்ரோஸ்டாட்டிக்) ஹெட்போன்களைச் செய்துவரும் ஜப்பானின் ஸ்டாக்ஸ் நுணுக்கத்தில் இன்னொரு படி மேலே நிற்கிறது. அதற்கென்றே தனி உயர்மின்னழுத்தக் கருவி தேவைப்படுவதால் அன்றாட வேலைக்கு அது அரிதாகவே பயன்படுகிறது.

மூடிய வகையில் நடுநிலையைத் தேடுவது கடினம். உள்ளே அடைபட்ட காற்று எங்கோ ஓரிடத்தில் தன் ஒலியைச் சேர்த்துவிடும். 1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506, ட்ரெபிளில் கொஞ்சம் கூரானது. இருந்தும் ஒலிபரப்பு, திரைப்படத் துறைகளில் அது உலகெங்கும் பரவியதற்கு அந்தக் கூர்மையும் ஒரு காரணம்: வாய்ச்சத்தம், மூச்சு, வெட்டு ஒட்டிய இடத்தின் ‘டிக்’ எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். பிழை பிடிக்க அது நல்ல கருவி, சமநிலை பார்க்க அல்ல. ஏகேஜியின் கே371 விலை குறைந்தது. ஆனால் ஹார்மன் வளைகோட்டை நெருக்கமாகப் பின்பற்றி, பல மடங்கு விலையுள்ளவற்றைவிட நடுநிலையாக ஒலிக்கிறது. விலை ஏற ஏறக் கட்டுமானமும் நுணுக்கமும் கூடலாம், நடுநிலையும் கூடவே வரும் என்பதற்கு உறுதியில்லை.

ஹெட்போனோடு ஆம்ப்ளிஃபயரையும் பார்த்தாக வேண்டும். எச்டி 600 போன்ற 300 ஓம் மின்மறுப்புள்ள ஹெட்போனுக்குப் போதிய மின்னழுத்தம் வேண்டும். சாதாரண மடிக்கணினியின் சாக்கெட்டில் செருகினால் ஒலி சிறுத்து, உச்ச இடங்களில் நசுங்கும். எல்சிடி-எக்ஸ் போன்ற 20 ஓம் வகைக்கு மின்னழுத்தத்தைவிட மின்னோட்டம் முக்கியம். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. சுருள் வகை ஹெட்போனின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. எச்டி 600இல் 100 ஹெர்ட்ஸ் அருகே அது வெகுவாக உயர்கிறது. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகமானால் அந்த இடத்தில் பாஸ் வீங்கிவிடும். ஹெட்போனின் ஓம் அளவில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு போகக் கூடாது என்பது நடைமுறை விதி. பிளேனார் வகையில் மின்மறுப்பு ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பதால் இந்தத் தொல்லை இல்லை.

கடையில் சோதிக்கும்போது ஏமாற்றுவது ஒலியளவு. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது ‘தெளிவு’ என்று நம்பிவிடும். ஆகவே இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடுவதற்கு முன் ஒலியளவைச் சமப்படுத்த வேண்டும். அதன்பின் நூறு முறை கேட்டுப் பழகிய பாட்டுகளையே ஓடவிட வேண்டும். கடைக்காரர் தரும் பளபளப்பான மாதிரிப் பாட்டில் எல்லா ஹெட்போனும் சிறப்பாகவே ஒலிக்கும். இசைக்கருவி எதுவும் இல்லாத தனிப் பேச்சுக்குரல் மிகச் சிறந்த சோதனை, ஏனென்றால் மனிதக் குரலில் கோணலைக் கண்டுபிடிக்கும் பழக்கம் எல்லாரிடமும் ஊறியிருக்கிறது. 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் ஒற்றை நாதத்தை ஓடவிட்டால் உச்சங்களும் பள்ளங்களும் தாமாக வெளிப்படும். அந்த நாதம் தலையின் நடுவிலிருந்து இடமோ வலமோ நகர்ந்தால், இரு பக்கமும் பொருந்தாத ஹெட்போன் அது. அதை வாங்கக் கூடாது.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடேயே சோதிக்க வேண்டும். மூடிய ஹெட்போனில் கண்ணாடியின் காம்பு ஏற்படுத்தும் சிறு இடைவெளி வழியே பாஸ் கசிந்துவிடும். முடி அடர்த்தியும் இதையே செய்யும். ஒரே ஹெட்போனைப் பற்றி இரண்டு தேர்ந்த பொறியாளர்கள் எதிரெதிராகச் சொல்வதற்குப் பல சமயம் காரணம் ரசனை அல்ல, தலையின் வடிவம்.

மீதமுள்ள கோணலை மென்பொருளால் நிமிர்த்தலாம். லாட்வியாவின் சோனார்வொர்க்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் திருத்த வளைகோடு தருகின்றன. மென்மையான ஏற்ற இறக்கங்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆழமான கூர்ப்பள்ளத்தையும் ஒரே மாடலின் ஒரு ஹெட்போனுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாட்டையும் இதனால் சரிசெய்ய இயலாது. பாட்டை ஏற்றுமதி செய்யும்போது திருத்தத்தை அணைக்க மறந்தால் அது பாட்டிலேயே பதிந்துவிடும். ஸ்டூடியோக்களில் அடிக்கடி நேரும் விபத்து இது.

எவ்வளவு நடுநிலையான ஹெட்போனாலும் ஸ்பீக்கர் செய்வதைச் செய்ய முடியாத இடங்கள் உண்டு. ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி சற்றுத் தாமதமாக வலக் காதையும் தொடும். ஹெட்போனில் அது நடப்பதில்லை. அதனால் ஓரங்களில் வைத்த கருவிகள் மிக விரிந்தும், நடுவில் வைத்த குரல் தலைக்குள்ளும் ஒலிக்கின்றன. எதிரொலி ஹெட்போனில் துல்லியமாகத் தெரிவதால் பொறியாளர் அதைக் குறைவாகச் சேர்த்துவிடுகிறார். ஸ்பீக்கரில் பாட்டு வறண்டு கேட்கும். இடப்பக்க ஒலியை வலப்பக்க ஒலியோடு சிறிதளவு கலக்கும் மின்சுற்றுகளை பெஞ்சமின் பாவர் 1961இலேயே முன்வைத்தார். இன்றைய பிளக்-இன்களும் அந்த எண்ணத்தையே தொடர்கின்றன. அவை உதவும். ஆயினும் முடிவான மிக்ஸிங்கை ஒரு முறையாவது ஸ்பீக்கரிலும் காரிலும் செல்போனிலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்த மூன்றிலும் திருத்தம் குறைவாகத் தேவைப்படும்படி செய்யும் ஹெட்போனே அந்தப் பொறியாளருக்கான நடுநிலை ஹெட்போன், விளம்பரத்தில் எது எழுதியிருந்தாலும் சரி.

திறந்த, தெளிவான ஹெட்போனில் ஒலி உறுத்தாததால் ஒலியளவு தெரியாமலே ஏறிவிடும் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு, 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைகிறது, 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். குறைந்த ஒலியளவில் பாஸும் ட்ரெபிளும் காதுக்கு மெலிந்து கேட்கும் என்பதால், ஓர் அளவை நிர்ணயித்து ஆம்ப்ளிஃபயரின் திருகில் குறித்துவைத்து, எப்போதும் அதிலேயே வேலை செய்வது செவிக்கும் நல்லது, தீர்ப்புக்கும் நல்லது.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியது காதுத் திண்டு. பஞ்சு அமுங்க அமுங்க டயஃப்ரம் காதை நெருங்கி, பாஸும் ட்ரெபிளும் மாறிப்போகின்றன. மாற்றம் மெல்ல நடப்பதால் பயன்படுத்துபவருக்குத் தெரிவதில்லை. வியர்வை மிகுந்த ஊர்களில் தோல் திண்டு சீக்கிரம் உரிந்துவிடும். அந்த மாடலுக்கான அசல் திண்டையே வாங்கிப் போட வேண்டும். வேறு நிறுவனத்தின் திண்டு எவ்வளவு மெத்தென்றிருந்தாலும் ஒலியின் வளைகோட்டையே மாற்றிவிடும். அசல் திண்டும் கேபிளும் எளிதில் கிடைக்குமா என்பதை ஹெட்போனுக்குப் பணம் கட்டும் முன்பே கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.